வடிதாளில் ஒன்றும் தங்கவில்லை

மணலையும் உப்பையும் சேர்த்தால் கிடைப்பது பல்லினக் கலவை. உப்பையும் தண்ணீரையும் சேர்த்தால் கிடைப்பது கரைசல். முதலாவதில் எது மணல், எது உப்பு என்று கண்ணுக்குத் தெரியும். இரண்டாவதில் ஒன்றும் தெரியாது. உப்பு அங்கேதான் இருக்கும், ஆனால் இருக்கிற சுவடே தெரியாது. கரைசலும் ஒரு வகைக் கலவைதான் என்று புத்தகம் சொல்லும். பிள்ளைகள் குழம்புவார்கள் என்று அந்த வரியை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன். இந்த நான்கைந்து வரிகளைச் சொல்லிக்கொடுப்பதற்காகத்தான் அரசாங்கம் மாதாமாதம் எனக்குச் சம்பளம் தருகிறது.

பூனாகலைப் பாதையில் பண்டாரவளையிலிருந்து பஸ் ஏறிப் போனால், இறங்கி இருபது நிமிடம் மேலே நடக்கிற தூரத்தில் எங்கள் தோட்டப் பாடசாலை இருக்கிறது. நான் கொஸ்லந்தைப் பக்கத்து லயம் ஒன்றில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். பட்டம் வாங்கி, டை கட்டி, பண்டாரவளை டவுனில் வாடகைக்கு வீடு எடுத்ததிலிருந்து லயத்துக்குள் போக நேர்ந்தால் சேறு படாத கல்லாகப் பார்த்துத்தான் சப்பாத்துக் காலை வைப்பேன். பிறந்த மண்ணை மறக்காதவன் என்று ஆசிரியர் தினத்தில் என்னைப் பற்றிப் பேசினார்கள். மண்ணை மறக்கவில்லைதான், அதனால்தான் சப்பாத்தில் படாமல் நடந்தேன்.

எங்கள் விஞ்ஞானகூடம் என்பது ஓர் அலுமாரி. அதற்குள் இரண்டு கண்ணாடி முகவை, ஒரு புனல், ஒரு பெட்டி வடிதாள், எதையும் இழுக்காத ஒரு காந்தம். சாவி எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். அதிபர் கேட்டால்கூட எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.

ஒருமுறை கரைசலுக்கு உதாரணமாகச் சீனி போட்ட தேத்தண்ணியைச் சொன்னேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "சேர், எங்க வீட்டுல சீனிய கையில வச்சு நக்கிக்கிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்போம். அப்ப அது கலவையா, கரைசலா? வாய்க்குள்ள போன பொறகுதான் கரைசலாகுமா சேர்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. விடை தெரிந்த கேள்வியும்கூட. ஆனால் வகுப்பு சிரித்துவிட்டது, எனக்கு மூக்கு சிவந்துவிட்டது. "பாடத்த மட்டும் கேளு, ஒக்காரு" என்றேன். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் எழுந்து எதையும் கேட்கவில்லை. ஒழுக்கமான வகுப்பு என்று அதிபர் பாராட்டினார்.

நான் சொல்ல வந்தது தண்ணீர்க் கதை.

அந்தத் தோட்டத்து லயங்களுக்கு மேல் மலையிலுள்ள ஊற்றிலிருந்து கறுப்புக் குழாயில் தண்ணீர் இறங்கி வந்து, லயத்துக்குக் கீழே ஒரு பீலியாகக் கொட்டும். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அந்தப் பீலிதான். மழை பெய்தால் தண்ணீர் செங்கலங்கலாக வரும். பெண்கள் பழைய சேலையை நான்காக மடித்து குழாய் வாயில் கட்டிவிடுவார்கள். சேறு துணியில் நிற்கும், தண்ணீர் தெளிந்து குடத்தில் விழும். பல்லினக் கலவையை வடித்துப் பிரிக்கும் முறைக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. துணியில் நிற்பதுதான் அழுக்கு, துணியைத் தாண்டி வருவது நல்ல தண்ணீர். லயத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். நானும் அப்படி நம்பித்தான் வளர்ந்தேன்.

பிறகு ஒரு திட்டம் வந்தது. தோட்டங்களுக்குத் தண்ணீர் தருவதற்கென்று பதுளையில் அலுவலகம் போட்டிருந்தார்கள். பாதைக்குக் கீழே குழாய்க் கிணறு தோண்டி, மோட்டர் பூட்டி, மேட்டில் நீல நிறத் தண்ணீர்த் தாங்கி ஒன்றை வைத்தார்கள். தாங்கிக்கு முன்னால் ஒரு கறுப்புக் கல்லில் ஏழு பேருடைய பெயரைப் பொன்னிற எழுத்தில் வெட்டினார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர்கூட அந்தத் தண்ணீரில் ஒரு வாய் குடிக்கப் போகிறவர் இல்லை.

இதில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. கிணறு தோண்ட இடம் தந்தது தோட்ட நிருவாகம். அதற்குப் பதிலாக, லயத்துச் சனங்கள் புதிய தண்ணீரை ஏற்றுக்கொண்டதும் மேல் மலை ஊற்று பங்களாவுக்குப் போய்விடும். பெரிய துரை இருந்த பங்களா இப்போது வெளிநாட்டுப் பயணிகள் வந்து தங்கும் விடுதி. அவர்களுக்கு நாள் முழுக்கச் சுடுதண்ணீர் வேண்டும், மலையூற்றுத் தண்ணீரில் போட்ட தேநீர் வேண்டும். ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு கையொப்பம் விழுந்தால் கறுப்புக் குழாய் திசை மாறும். அதுவரை இரண்டு தண்ணீரும் வரும் என்று இரண்டு வாரம் தவணை கொடுத்தார்கள்.

புதிய தண்ணீர் கண்ணாடியாக வந்தது. மழை பெய்தாலும் கலங்கவில்லை. திட்ட அதிகாரி ஒரு போத்தலில் பிடித்து வெயிலுக்குப் பிடித்துக் காட்டினார். எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் மூன்றாம் நாள் காலையிலேயே பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். புதிய தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் கறுத்துப் போகிறது. சோறு மஞ்சளடிக்கிறது. நாக்கில் ஆணியை வைத்தது மாதிரி ஒரு சுவை.

அதிகாரி கூட்டம் போட்டார். பெண்கள் சொன்னதை எல்லாம் புன்னகையோடு கேட்டுவிட்டு, "தண்ணியில குறையில்ல. நீங்க பாவிக்கிற தூள்தான் சரியில்ல. நல்ல தூள் வாங்கிப் போட்டுப் பாருங்க" என்றார்.

இதை அவர் சொன்ன இடம் ஊவா, தேயிலைக்கே பேர்போன மலை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள், விடிந்ததிலிருந்து அந்தி வரை கொழுந்துக்குள் நிற்கிறவர்கள். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியபடியே மலையிலிருந்து நேராக இறங்கி வந்திருந்தார்கள். அவர்களுக்குத்தான் தேயிலை தெரியவில்லையாம். யாரும் கோபப்படவில்லை, சிரித்தார்கள். லயத்தின் கடைசி வீட்டில், கடைசிக் காம்பராவில், குடியிருக்கிற அக்கா மட்டும் எழுந்தார். அவருடைய இளைய மகள் என்னிடம் தரம் பதினொன்றில் படிக்கிறாள்.

"தூளு தோட்டத்துல குடுக்குறதுதாங்க ஐயா. அதே தூள பீலித் தண்ணியில போட்டா செவப்பா இருக்கு, இந்தத் தண்ணியில போட்டா கருப்பா இருக்கு. தூளு மாறல. தண்ணிதானே மாறியிருக்கு?"

ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை எல்லாம் அப்படியே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பரிசோதனை என்று நான் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த அக்கா செய்து காட்டியது அதைத்தான். படங்குச் சாக்கோடு நின்று சொன்னதால் அது பரிசோதனை என்று எனக்குப் படவில்லை. டை கட்டிக்கொண்டு சொல்லியிருந்தால் குறிப்பெடுத்திருப்பேன்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "சேர், நீங்க விஞ்ஞானப் பட்டதாரி. இந்தத் தோட்டத்துல உங்கள விடப் படிச்சவங்க யாரு? நீங்க சோதிச்சு ஒரு வார்த்த சொன்னா சனம் கேக்கும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என்னால் தண்ணீரைச் சோதிக்க முடியுமா, என்னிடம் அதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமையும் டை கட்டிக்கொண்டு போனேன். தாங்கிக்குப் பக்கத்தில் மேசை போட்டு, கோயிலில் இருந்து பட்டுத் துணி வாங்கி வந்து விரித்திருந்தார்கள். அலுமாரியிலிருந்து இரண்டு முகவை, புனல், வடிதாள் பெட்டி எல்லாம் கொண்டுபோயிருந்தேன். காந்தத்தையும் எடுத்துப் போனேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை. லயம் முழுக்கத் திரண்டு வந்து நின்றது. மோட்டரைப் போட்டு அப்போதுதான் பிடித்த தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

வடிதாளை நான்காக மடித்துக் கூம்பாக்கிப் புனலுக்குள் வைத்தேன். முதலில் பீலித் தண்ணீரை ஊற்றினேன். முதல் நாள் மழை பெய்திருந்ததால் தாளில் செம்மண் படிந்தது. பிறகு புதிய தாளில் புதிய தண்ணீரை ஊற்றினேன். தாள் வெள்ளையாகவே இருந்தது. இரண்டு தாளையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்து, இடமும் வலமுமாகத் திரும்பிக் காட்டினேன். அதிகாரி கை தட்டினார். அவர் தட்டியதால் தோட்டத் தலைவர் தட்டினார், தலைவர் தட்டியதால் ஆம்பளைகள் எல்லோரும் தட்டினார்கள்.

கடைசிக் காம்பரா அக்கா தட்டவில்லை. "சேர், ஒன்னு கேக்கலாமா?"

"கேளுங்க அக்கா."

"இந்தத் தண்ணிய எங்க துணியில ஊத்துனாலும் ஒன்னும் நிக்கல சேர். நின்னிருந்தா நாங்களே கண்டுபிடிச்சிருப்போமே. நிக்காம உள்ளுக்குள்ள எறங்கிப் போறது என்னான்னு பாக்கத்தானே ஒங்கள கூப்புட்டோம்?"

இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் என் காது சூடாகிறது. அன்றைக்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்னும் சூடாகிறது. "அக்கா, துணி வேற, இது வேற. இது விஞ்ஞானத் தாள்" என்றேன்.

"அப்ப தேத்தண்ணி ஏன் சேர் கருக்குது?"

"பழக்கமில்லாத தண்ணி. போகப் போகப் பழகிரும்."

பழகவேண்டியது தண்ணீரா, அவர்களா என்று நான் சொல்லவில்லை. அக்காவுக்குப் பின்னால் அவருடைய மகள் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், கையிலிருந்த தாளைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் வாய் திறக்கவில்லை. என்னிடம் படித்த பிள்ளை அல்லவா.

அங்கேயே அறிக்கை எழுதினேன். கையோடு கொண்டுபோயிருந்த பாடசாலைக் கடிதத் தலைப்பில், அதிபரின் முத்திரையோடு. 'தோற்றத்தில் தெளிவானதும் வடித்தலின் பின் யாதொரு மாசும் தங்காததுமான மேற்படி நீர் பாவனைக்கு உகந்ததென இத்தால் சான்று பகர்கின்றேன்.' சொல்லுக்குச் சொல் உண்மை. யாதொரு மாசும் தங்கவில்லைதான். எல்லாம் நேராகக் குடத்துக்குள் இறங்கிவிட்டன. சனங்கள் ஏற்புப் பத்திரத்தில் கையொப்பம் போட்டார்கள். அடுத்த வாரம் கறுப்புக் குழாயை வெட்டிப் பங்களாவுக்குத் திருப்பினார்கள். பீலி வற்றிப்போனது.

பத்து நாள் கழித்து ஒரு பின்னேரம், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து தரம் பதினொன்றின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'உப்புக் கரைசலிலிருந்து உப்பை வடிதாள் கொண்டு பிரிக்கலாமா? காரணம் தருக.' கேள்வி என்னுடையதுதான். 'முடியாது. கரைந்த பொருள் வடிதாளின் ஊடாகச் சென்றுவிடும்.' சரி போட்டேன். அடுத்த கொப்பி, அதே விடை, சரி. பன்னிரண்டு கொப்பிக்குச் சரி போட்டுவிட்டேன். பதின்மூன்றாவது, கடைசிக் காம்பரா அக்காவின் மகளுடையது. அவள் அந்த விடைக்குக் கீழே ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தாள். 'ஆகவே வடிதாளில் ஒன்றும் தங்காவிட்டால் நீரில் ஒன்றும் இல்லை என்று கூற முடியாது.'

சிவப்புப் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சரி போட்ட விடையை நான் ஒருவன்தான் பிழையாக எழுதியிருந்தேன், அதுவும் முத்திரை குத்தி. அந்தப் பிள்ளை கேள்வி கேட்க வழியில்லாமல் விடையில் எழுதியிருக்கிறாள். வெளியே பார்த்தேன். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் மஞ்சளாக இருந்தன. அந்த மஞ்சளை நான் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சவர்க்காரம் போட்டுத் துவைக்கச் சொல்லுங்கள் என்று காலைக் கூட்டத்தில் புத்திமதியும் சொல்லியிருந்தேன்.

மறுநாள் பங்களா வாசல் குழாயில் ஒரு போத்தல், லயத்துக் குழாயில் ஒரு போத்தல் பிடித்துவந்து, இரண்டையும் தனித்தனியாகக் கொதிக்க வைத்து ஒரே தூளைப் போட்டேன். ஒன்று சிவந்தது, மற்றது எழுதுகிற மை மாதிரிக் கறுத்தது. தண்ணீரில் கரைந்திருந்தது இரும்பு. தேயிலைச் சாயத்தோடு இரும்பு சேர்ந்தால் கறுக்கும் என்று உயர்தர வகுப்பில் படித்து, பரீட்சையில் எழுதி, மறந்தும் போயிருந்தேன். கடைசிக் காம்பரா அக்கா இதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருந்தார். இரும்பு என்ற பெயர்தான் அவருக்குத் தெரியாது.

மீதித் தண்ணீரை முகவையில் திறந்தபடி வைத்துவிட்டுப் போனேன். அடுத்த நாள் அடியில் செம்பழுப்பாகத் துரு இறங்கியிருந்தது. காற்றுப் பட்டதும் கரைந்திருந்த இரும்பு துருவாகிப் பிரிந்துவிடும். அதற்குப் பிறகு மணலில் வடித்தால் நின்றுவிடும். ஆக, வைத்தியமும் சின்னதுதான். தண்ணீரைக் காற்றில் சிதறவிட ஒரு தட்டு, அதற்குக் கீழே ஒரு மணல் தொட்டி. இரண்டையும் கட்டித்தரும்வரை பீலியைத் திருப்பித் தரவேண்டும். இதைக் கேட்கத்தான் பதுளைக்குப் போனேன்.

திட்ட அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். தேநீர் வரவழைத்தார். சிவந்த, நல்ல தேநீர். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அலுமாரியைத் திறந்து கோப்பு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"சேர், திட்டம் முடிஞ்சு கோப்பு மூடியாச்சு."

"தெறக்க முடியாதா?"

"தெறக்கலாம். ஆனா இதுல கடைசியா இருக்கிறது உங்க அறிக்கை. அது சரின்னா தண்ணி சரி. அது பிழைன்னா, பிழைன்னு நீங்களே எழுதி, ஊராக்களோட கையொப்பத்தையும் வாங்கிட்டு வாங்க. நான் மேல அனுப்புறேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா பாடசாலைக் கடிதத் தலைப்புல எழுதியிருக்கீங்க, முத்திரையும் இருக்கு. மேலிடத்து அனுமதி எடுக்காமத்தானே எழுதுனீங்க? வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு பிரதி போகும். விசாரணை வரும். எங்கயாவது தூரத்துக்கு மாத்திருவாங்க. உங்க நன்மைக்குத்தான் சொல்றேன் சேர்."

திரும்பி வருகிற பஸ்ஸில் மனதுக்குள் கடிதம் எழுதிக்கொண்டே வந்தேன். 'மேலதிக ஆய்வு விரும்பத்தக்கது' என்று எழுதிப் பார்த்தேன். 'முன்னைய அறிக்கையின் சில அம்சங்கள் மீளாய்வு செய்யப்படலாம்' என்று எழுதிப் பார்த்தேன். பிழை என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்லாமல் இருக்கத் தமிழில் எத்தனை வழி இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு வாரம் இழுத்தடித்தேன். வகுப்பில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் கடைசியில் நேராக எழுதினேன்.

'நான் செய்த சோதனை பிழையானது. கரைந்த பொருளை வடிதாளால் பிரிக்க முடியாது என்பது தெரிந்திருந்தும் அவ்வாறு செய்து தவறான சான்று வழங்கினேன்.' இந்த இரண்டு வரி, அதற்குக் கீழே தட்டும் மணல் தொட்டியும் பீலியும். எழுதி முடித்ததும் என் நேர்மையைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது. இடமாற்றக் கடிதத்தோடு பஸ் ஏறுகிற என்னைப் பார்த்துப் பிள்ளைகள் கையசைக்கிற காட்சிகூட மனதில் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, இம்முறை டை இல்லாமல், லயத்துக்குப் போனேன். பெண்கள் அப்போதுதான் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். குடிக்கிற தண்ணீருக்குத் தோட்டத்தின் கீழ் டிவிசனில் இருக்கிற பீலிக்குப் போய் வருகிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இறங்கும்போது அரை மணி, குடத்தோடு ஏறும்போது ஒரு மணி. கொழுந்து எடுக்காத ஒரே நாளிலும் ஏற்றம் ஏறுகிறார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். நான் உட்காராமல், நின்றபடியே கடிதத்தை வாசித்தேன்.

வாசித்து முடிந்ததும் கடைசிக் காம்பரா அக்கா இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்தார்.

"அந்தப் பிழைன்னு வர்ற எடத்த இன்னொருக்கா வாசிங்க சேர்."

வாசித்தேன்.

"இத எழுதிக் குடுத்தா ஒங்கள என்ன செய்வாங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். "விசாரண வைப்பாங்க. தூரத்துக்கு மாத்துவாங்க. பரவாயில்ல அக்கா, நான் செஞ்சது பிழதானே" என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன்.

"ஒங்களுக்குப் பரவாயில்ல சேர். நீங்க போனா யாரு வருவா?"

நான் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தேன்.

"நீங்க வர முந்தி நாலு வருசம் சயன்ஸுக்கு ஆளே இல்ல. சங்கீத டீச்சர் பொஸ்தகத்த வாசிச்சுக் காட்டுவாங்க, பாவம். எம் மூத்தவ அப்பத்தான் ஓ லெவல் எழுதுனா. சயன்ஸ்ல பெயிலாகி, இப்ப கொழும்புல கார்மெண்ட்ஸ்ல நிக்கிறா. சின்னவ இந்த வருசம் எழுதப் போறா." மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தார். எல்லோர் வீட்டிலும் ஒன்றிரண்டு பிள்ளைகள் என்னிடம் படிக்கிறார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். "அந்த ரெண்டு வரிய வெட்டிருங்க சேர்."

"அத வெட்டுனா கடிதத்துல ஒன்னுமே இல்ல அக்கா. கோப்பத் தெறக்க மாட்டாங்க. தண்ணி வராது."

"தெரியுது சேர். தண்ணிய நாங்க தூக்கிக்கிறோம். சயன்ஸுக்கு நாங்க எங்க போறது?"

அந்த இடத்தில் நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பிழை செய்தது நான், குடம் தூக்குவது நீங்களா என்று கேட்டிருக்க வேண்டும். அவர்கள் சொல்லி வாய் மூடுவதற்குள் என் கை பேனையை எடுத்துவிட்டது. இரண்டு வரியையும் வெட்டினேன். மறுபடி வாசிக்க முடியாதபடி நன்றாக அழுத்தி, மேலும் கீழுமாக வெட்டினேன். மிஞ்சியது, தட்டும் மணல் தொட்டியும் பீலியும் தயவுடன் தருமாறு கேட்கிற ஒரு கடிதம். அதற்குக் கீழே ஒவ்வொருவராக ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கையொப்பம் போட்டார்கள்.

அக்கா கடைசியாகப் போட்டார். பேனையைத் திருப்பித் தந்துவிட்டு, குனிந்து குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "அந்தக் கரைசல் பாடம் பரீட்சைக்குக் கட்டாயம் வருமாம்ல சேர். பிள்ளைகளுக்கு நல்லாச் சொல்லிக் குடுங்க."

சரி அக்கா என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், வெட்கத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது.